வீட்டிணையம்: விரைவும் உறுதியும்

தோற்றுவாய்

விருதுநகர் வணிகர் பருப்பு வாங்கும் முறையை அறியாதார் நம்மிற் சிலரே. மூட்டை எத்துணை அழகாகத் தைக்கப்பெற்றிருப்பினும், அதன்மேல் எத்துணைப் பெரிய முத்திரை பொறிக்கப்பெற்றிருப்பினும், அவர் அதனைப் பொருட்படுத்தார். குத்தூசியால் மூட்டையைக் குத்திச் சிறிது பருப்பை உள்ளங்கையில் வாங்கி, நிறம் நோக்கிக் கடித்துப் பார்த்த பின்னரே விலை பேசுவர். இத்தகைய வணிகர் நடுவே வாழும் நாம், திங்கள்தோறும் ஐந்நூறும் அறுநூறும் கொடுத்து வாங்கும் ஒரு பொருளை மட்டும் முத்திரையை நம்பியே வாங்கிவருகின்றோம். பிராட்பேண்டு எனப் பலரும் வழங்கும் அகலக்கற்றை இணையமே அப்பொருள்.

எந்த நிறுவனத்தின் இணைப்பு நல்லது என்னும் வினா இன்று விருதுநகர், சிவகாசி, சாத்தூர் முதலிய ஊர்களில் வீடுதோறும் எழுகின்றது. கல்லூரி விடுதியிலும் இவ்வினாவைப்பற்றி இரவு நெடுநேரம் வழக்காடுவாருளர். ஒருவர் நூறு என்பார். மற்றொருவர் முந்நூறு என்பார். இவ்வெண்களைக்கொண்டு நடக்கும் வழக்கு ஒருநாளும் முடிவதில்லை. யான் ஈண்டு நிறுவ விழைவன இரண்டு. வீட்டு இணையத்திற்கு விரைவினும் உறுதியே தலையாயது என்பது ஒன்று. அவ்வுறுதி நிறுவனத்தின் பெயரைக்கொண்டு அறியப்படுவதன்று, நம் தெருவைக்கொண்டே அறியப்படுவது என்பது மற்றொன்று.

இணையம் வந்த வழி

1995-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அந்நாளில் அது தொலைபேசிக் கம்பி வழியே பெருநகரத்தாருக்கே கிட்டிய அரும்பொருள். 2000-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் பாரத் சஞ்சார் நிகம் என்னும் பி.எஸ்.என்.எல். தோன்றிற்று. 2004-ஆம் ஆண்டின் அகலக்கற்றைக் கொள்கை, வினாடிக்கு 256 கிலோபிட் விரைவுடையது எதுவோ அதுவே அகலக்கற்றை என வரையறுத்தது. அவ்வரையறை 2013-இல் 512 கிலோபிட்டாகவும், 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் 2 மெகாபிட்டாகவும் உயர்ந்தது. 2005-ஆம் ஆண்டு முதல் பி.எஸ்.என்.எல். தன் செப்புக் கம்பிகளின் வழியே இவ்விணையத்தை வீடுகளுக்கு வழங்கலாயிற்று. சிற்றூரில் தொலைபேசி வைத்திருந்த ஆசிரியர் வீட்டிலும் அஞ்சலக அலுவலர் வீட்டிலும் இணையம் முதலிற் புகுந்தது இவ்வழியேயாம்.

பின்னர் ஒளியிழை வந்தது. மக்கள் இதனைப் பைபர் என்றே வழங்குவர். 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஜியோ நிறுவனம் தன் ஒளியிழை இணைப்பை வணிக முறையில் தொடங்கிற்று. ஏர்டெல் நிறுவனமும் தன் ஒளியிழையைப் பரப்பலாயிற்று. ஏறத்தாழ இருபதாண்டு முதலிடத்தில் நின்ற பி.எஸ்.என்.எல். 2021-ஆம் ஆண்டு நவம்பரில் அவ்விடத்தை இழந்தது. ஜியோவின் கம்பிவழி இணைப்புகள் 43 இலட்சத்தைக் கடந்தன, பி.எஸ்.என்.எல்.லின் இணைப்புகள் 42 இலட்சமாய் நின்றன. இவ்விறக்கத்திற்குக் காரணம் பலவாம். அவற்றுள் ஒன்றை மறத்தலாகாது. 2020-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் அந்நிறுவனத்தின் ஊழியர் எழுபத்தெண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் விருப்ப ஓய்வு பெற்று ஒரே நாளில் வெளியேறினர். கம்பியேறிப் பழுது நீக்கப் பழகிய கைகள் பல அவற்றுள் இருந்தன.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் நாடடங்கு தொடங்கிற்று. பள்ளிகளும் கல்லூரிகளும் அடைபட்டன. வகுப்புகள் திரைக்கு மாறின. பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆலையிலும் நாட்கூலி பெறும் பெற்றோர், பிள்ளையின் படிப்பின் பொருட்டு இணையத்திற்குப் பணம் கட்ட வேண்டியவராயினர். அன்று தொடங்கி இணையம் நம் பக்கத்து வீடுகளிற் குடிநீரும் மின்சாரமும் போன்றதாயிற்று. ஆதலின் அதனை ஆராய்ந்து வாங்குதல் இனி நம் கடன்.

விரைவென்பது யாது?

விளம்பரங்களிற் காணும் நூறு, இருநூறு என்பன வினாடிக்கு இத்துணை மெகாபிட் என்னும் கணக்காம். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 மெகாபிட் இணைப்பு ஒரு வினாடியிற் கொணர்வது 12½ மெகாபைட்டே. இதனை அறியாதார் 100 மெகாபைட் அளவுள்ள கோப்பு ஒரே வினாடியில் வந்திறங்கும் என்று எண்ணி ஏமாறுவர். அது வந்திறங்க 8 வினாடி வேண்டும்.

இனி, அவ்வெண்ணின் பக்கத்திற் சிறிய எழுத்தில் 'வரை' என்றொரு சொல் இருக்கும். 100 மெகாபிட் வரை என்றால், அதற்குமேற் போகாது என்பதே பொருள். அதற்குக் கீழே எவ்வளவும் இறங்கலாம். இறங்குவதற்குக் காரணம் பகிர்வு. இன்று ஊர்களிற் பெரும்பான்மையாய் வழங்கும் ஒளியிழை அமைப்பில், நிலையத்திலிருந்து புறப்படும் ஓரிழை வழியிற் பிரிக்கப்பட்டு 32 அல்லது 64 வீடுகளுக்குச் செல்கின்றது. அவ்வோரிழை சுமக்கவல்லது வினாடிக்கு ஏறத்தாழ 2,500 மெகாபிட். எல்லா வீட்டாரும் ஒரே நொடியில் முழுமையாய் இழுப்பின், 32 வீடாயின் வீட்டுக்கு 78-உம், 64 வீடாயின் 39-உமே கிட்டும். அங்ஙனம் அனைவரும் ஒருங்கே இழுத்தல் அரிதாகலின் இவ்வமைப்பு பெரும்பாலும் இனிதே நடைபெறுகின்றது. ஆயினும் நிலையத்திலிருந்து அப்பாற் செல்லும் பெருவழியை ஒரு நிறுவனம் குறுக்கி வாங்கியிருப்பின், மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரை அத்தெருவார் அனைவரும் இடர்ப்படுவர். காலை ஆறு மணிக்கு அளந்து 100 கண்டோம் என்று மகிழ்வார், இரவு ஒன்பதுக்கு அளந்து பார்க்கக் கடவர்.

பழைய செப்புக் கம்பியின் குறை வேறு. அதில் தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு விலக விலக விரைவு தேயும். நிலையத்தை அடுத்த வீட்டுக்கு வினாடிக்கு 8 மெகாபிட்டும் அதற்கு மேலும் கிட்டும்போது, ஐந்து கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வீட்டில் இணைப்பு நிற்றலே அரிது. மழைக்காலத்திற் கம்பியின் இணைப்பிடங்களில் நீர் புகுந்து துருவேறும். ஒளியிழை கண்ணாடியாலாயது; அதற்குத் துருவில்லை. ஊரளவிலான தொலைவால் அதன் விரைவும் தேய்வதில்லை. இக்காரணம் ஒன்றே செம்பினும் ஒளியிழை சிறந்தது எனத் துணிதற்குப் போதும்.

விரைவில் மற்றொரு கூறு உண்டு; அதனைப் பலர் நோக்குவதில்லை. நமக்கு வரும் விரைவு வேறு, நாம் அனுப்பும் விரைவு வேறு. சிவகாசியார்க்கு இவ்வேறுபாடு பிழைப்பைப் பற்றியது. ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டின் நாட்காட்டி மாதிரிகளை வெளியிடுதல் அவ்வூர் அச்சகத்தார் மரபு. அதன்பின் பல மாநிலங்களிலிருந்தும் கட்டளைகள் வந்து குவியும். ஒவ்வொரு கடைக்காரருக்கும் அவர் பெயரும் படமும் பொறித்த மாதிரியை அனுப்பி இசைவு பெற்ற பின்னரே எந்திரம் ஓடும். இவ்வேலையை வீட்டிலிருந்தே கணிப்பொறியிற் செய்துகொடுக்கும் இளைஞர் பலர். 500 மெகாபைட் அளவுள்ள ஒரு படக்கோப்பை வினாடிக்கு 1 மெகாபிட் அனுப்பும் செப்புக் கம்பியில் ஏற்ற ஒரு மணியும் ஆறு நிமிடமும் கடந்து செல்லும். 30 மெகாபிட் அனுப்பும் ஒளியிழையில் அதுவே இரண்டேகால் நிமிடத்தில் முடியும். ஆதலின் அத்தகையோர் இணைப்பு வாங்கும்போது, அனுப்பும் விரைவு யாது என்றே முதற்கண் வினவுதல் வேண்டும்.

இத்துணையும் கூறியபின் ஒன்று சொல்லக் கடவேன். வீட்டுக்கு வேண்டும் விரைவு நாம் எண்ணுமளவு பெரிதன்று. உயர்தரத் திரைப்படம் ஒன்றைத் தடையின்றிக் காண 5 மெகாபிட் போதும் என நெட்பிளிக்ஸ் நிறுவனமே கூறுகின்றது. மிக உயர்ந்த நான்கு கே காட்சிக்கும் அது கேட்பது 15 மெகாபிட். அண்ணன் வகுப்புக் கேட்க, தங்கை பாடம் பார்க்க, தந்தை கணக்கெழுத, பாட்டி தொடர் காண, இவையனைத்தும் ஒருங்கே நிகழினும் 30 அல்லது 40 மெகாபிட் உண்மையாகவே கிட்டுமாயிற் குறைவில்லை. அதற்குமேல் வாங்கும் விரைவு பெரும்பாலும் பெருமைக்கே பயன்படுகின்றது.

உறுதியென்பது யாது?

உறுதியாவது வேண்டும்போது இணைப்பு இருத்தல். அறுந்தால் விரைவில் மீளுதல். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய், 2006-ஆம் ஆண்டு விதித்த தர விதிகளில், அகலக்கற்றைச் சேவை நூற்றுக்கு 98 பங்கு நேரம் கிடைத்தல் வேண்டும் என்றது. 98 என்பது தேர்வு மதிப்பெண்ணாயின் பெற்றோர் இனிப்பு வழங்குவர். இணையத்தில் அதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். முப்பது நாட்கொண்ட திங்களில் 720 மணி. அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு 14 மணி 24 நிமிடம். அத்துணை நேரம் இணைப்பு இறந்து கிடப்பினும் அந்நிறுவனம் அளவுகோலைத் தாண்டியதேயாகும். அந்நேரம் நள்ளிரவிற் சிதறிக் கிடந்தால் நாம் அறியவும் மாட்டோம். அதுவே விண்ணப்பத்தின் கடைசி நாளன்று ஒருங்கே விழுந்தால் ஓராண்டு போயிற்று.

இனி, இரண்டு இணைப்புகளை எண்ணிப் பார்ப்போம். ஒன்று 200 மெகாபிட் விரைவுடையது. ஆயினும் நூற்றுக்கு 95 பங்கு நேரமே கிட்டுவது. மற்றொன்று 40 மெகாபிட்டே. ஆயினும் 99½ பங்கு நேரம் கிட்டுவது. முன்னது திங்களுக்கு 36 மணி நேரம் இல்லாதொழியும். பின்னது 3 மணி 36 நிமிடமே ஒழியும். வகுப்புக்கும் வணிகத்துக்கும் பின்னதே உதவும் என்பதிற் கருத்து வேறுபாடு இருத்தற்கில்லை.

வணிகம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. 2017-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் தொட்டு மாநிலம் கடக்கும் சரக்குக்கு இணையவழி பெறும் வழிச்சீட்டு வேண்டுவதாயிற்று. மக்கள் இதனை ஈ-வே பில் என்பர். சிவகாசியிலிருந்து வடநாடு செல்லும் லாரியிற் சரக்கேற்றி முடிந்து, தார்ப்பாய் கட்டி, ஓட்டுநர் அமர்ந்தபின், இச்சீட்டு எடுக்க இணையமில்லையேல் லாரி நிற்கும். வீட்டின் முன்னறையையே அலுவலகமாய்க் கொண்டு தொழில் நடத்தும் சிறு வணிகர்க்கு 300 மெகாபிட்டாற் பயனில்லை. அந்த ஐந்து நிமிடம் இணைப்பு இருத்தலே பயன்.

உறுதியைக் குலைப்பன யாவை? நம் பக்கத்தில் இவை மூன்று. முதலாவது, கம்பி தொங்கும் முறை. மண்ணுக்கடியிற் செல்லவேண்டிய ஒளியிழை சிற்றூர்களில் மின்கம்பத்திலும் மாடிக் கைப்பிடிச் சுவரிலும் கட்டப்பட்டுத் தாழத் தொங்குகின்றது. உயரமாய்ப் பாரமேற்றிய லாரியொன்று அதனை இழுத்துக்கொண்டு போதல் எளிது. ஐப்பசி, கார்த்திகையிற் காற்றும் மழையும் அதனை அறுக்கும். சாலை வெட்டுவோர் புதைத்ததையும் அறுப்பர். இரண்டாவது, மின்சாரம். பழைய தொலைபேசி நிலையத்து மின்கலத்தால் இயங்கிற்று; வீட்டில் விளக்கணைந்தாலும் அது பேசும். ஒளியிழையோ ஒளியைச் சுமப்பதன்றி மின்சாரத்தைச் சுமப்பதில்லை. வீட்டு மோடத்துக்கு மின்சாரம் போயின் இணையமும் போயிற்று. சிறு மின்கலப் பெட்டியொன்றை மோடத்துடன் இணைத்து வைத்தல் இதற்குத் தீர்வு. நிறுவனத்தின்மேற் சாட்டும் குற்றங்களிற் சில இதனால் நீங்கும். மூன்றாவது, மாற்றுவழியின்மை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18-ஆம் நாட்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிற் பெருமழை கொட்டிற்று; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழை பதிவாயிற்று. ஊர்கள் பல தொலைத்தொடர்பற்று நின்றன. ஓரூருக்கு இரு திசையிலிருந்து இழை வருமாயின் ஒன்று அறுந்தாலும் மற்றது காக்கும். ஒரே இழையாயின் அறுந்த இடத்திலேயே அவ்வூரின் உலகம் முடிந்தது.

நிறுவனங்களை ஒப்புநோக்கல்

நம் பக்கத்து நகரங்களிற் பெயர்பெற்று விளங்குவன பி.எஸ்.என்.எல்., ஜியோ, ஏர்டெல் ஆகிய மூன்றும், இவற்றின் நடுவே கேபிள் தொலைக்காட்சி நடத்துவோர் தரும் உள்ளூர் இணைப்புகளுமாம். 2020-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் முதல் மூன்றும் போட்டியிட்டு விலை குறைத்தன. ஜியோ ரூ. 399-க்கும் பி.எஸ்.என்.எல். ரூ. 449-க்கும் 30 மெகாபிட் அறிவித்தன, ஏர்டெல் ரூ. 499-க்கு 40 மெகாபிட் அறிவித்தது. வரும் விரைவும் அனுப்பும் விரைவும் ஒன்றே என்பது ஜியோ செய்த விளம்பரம். பி.எஸ்.என்.எல். 3,300 ஜிகாபைட் கடந்தால் விரைவு 2 மெகாபிட்டாய்க் குறையும் என்றது. நாளொன்றுக்கு 110 ஜிகாபைட்டாகும் அவ்வெல்லையை ஒரு குடும்பம் எட்டுதல் அரிது. நூற்றுக்குப் பதினெட்டு வரி சேர்த்தால் அந்நாளில் இவை முறையே ரூ. 471, ரூ. 530, ரூ. 589 ஆயின. மிகக் குறைந்ததற்கும் மிக உயர்ந்ததற்கும் இடையே திங்களுக்கு ரூ. 118, நாளுக்கு நான்கு ரூபாய். விலைகள் அவ்வப்போது மாறுமாயினும், அன்று விளங்கிய உண்மை ஒன்றுண்டு. விலையிலும் விளம்பர விரைவிலும் இவை ஒன்றையொன்று ஒட்டியே செல்கின்றன. ஆதலின் தெரிவு செய்தற்குரிய காரணம் வேறிடத்திலேயே இருத்தல் வேண்டும்.

அவ்விடம் தெருவே. பி.எஸ்.என்.எல்.லின் ஒளியிழையைச் சிற்றூர்களில் வீட்டுக்குக் கொணர்பவர் பெரும்பாலும் அந்நிறுவனத்தின் ஊழியரல்லர். வருவாயைப் பங்கிட்டுக்கொள்ளும் உள்ளூர்க் கூட்டாளியே அவர். அவர் ஊக்கமுடையவராயின் ஒரு தெருவில் பி.எஸ்.என்.எல்.லே சிறந்தது, சோம்பராயின் அடுத்த தெருவில் அதுவே தாழ்ந்தது. தனியார் நிறுவனத்திற்கும் பழுது நீக்குவோர் தொகையும் அவர்தம் திறமும் ஊர்தோறும் வேறுபடுவன. உள்ளூர்க் கேபிள்காரரிடம் ஒரு நன்மையுண்டு: பழுதுற்றால் அவர் வீட்டு வாயிலில் நின்று கூப்பிடலாம். ஒரு தீமையும் உண்டு: அவர் மேலிருந்து வாங்கும் பெருவழி குறுகியதாயின் மாலையில் அனைவரும் தேம்புவர். இனி, 2023-ஆம் ஆண்டு தொட்டு ஏர்பைபர் என்னும் பெயரால் இழையின்றி வானலை வழியே வரும் இணைப்பும் உளது. இழை எட்டாத இடத்துக்கு அது நல்வரவே. ஆயினும் கோபுரத்தின் தொலைவும் அதனைப் பகிர்வோர் தொகையும் அதன் விரைவை மாற்றுமாதலின், இழை கிட்டுமிடத்தில் இழையையே கொள்ளுதல் தகும்.

எம் தெருவில் நிகழ்ந்தது ஒன்றை ஈண்டுக் குறிப்பிடுதல் பொருந்தும். நிறுவனத்தின் பெயர் வேண்டா. பட்டாசு ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகள், பொறியியற் கலந்தாய்வுக்குத் தன் விருப்பப் பட்டியலை இணையத்திற் பதிய வேண்டிய நாட்களில் இழை அறுந்தது. முறையிட்டனர். மறுநாள் மாலை, "தங்கள் பழுது நீக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. அறுந்த இழையோ அப்பொழுதும் வேப்பமரத்துக் கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பெண் மூன்றாம் நாட் காலையிற் பேருந்தேறி நகரத்துப் பிரவுசிங் சென்டருக்குச் சென்று பட்டியலைப் பதிந்தாள். அந்நிறுவனத்தின் கணக்கில் அப்பழுது ஒரே நாளில் நீங்கியதாக இருக்கும். ஆணையத்துக்குச் செல்லும் அறிக்கைகள் இத்தகைய கணக்குகளினின்றே தொகுக்கப்படுகின்றன. அவ்வறிக்கைகளும் தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே சராசரி கூறுவனவாம். சென்னையின் நல்லிணைப்பும் ஏழாயிரம்பண்ணையின் அறுந்த இழையும் கலந்த சராசரியால் யாருக்கு என்ன பயன்?

சில தடைகளும் விடைகளும்

செல்பேசியே உளதாக வீட்டிணையம் எற்றுக்கு என்பார் உளர். 5 மெகாபிட் அளவில் ஒரு மணி நேரக் காட்சி இரண்டேகால் ஜிகாபைட்டை உண்ணும். நாளுக்கு 2 ஜிகாபைட் என்னும் செல்பேசித் திட்டம் ஒரு வகுப்போடு தீர்ந்துபோம். மேலும் தந்தையின் செல்பேசி தந்தையோடு ஆலைக்குச் செல்லும். பட்டாசு ஆலை வாயிலில் அது வாங்கி வைக்கப்படினும், வீட்டுப் பிள்ளைக்கு உதவாமையில் வேறுபாடில்லை. வீட்டிணையமோ வீட்டிலேயே இருப்பது.

அரசு நிறுவனமாயின் தாழ்ந்ததே என்பாரும், தனியாராயிற் கொள்ளையே என்பாரும் உளர். இவ்விருவரும் மூட்டையின் முத்திரையைப் பார்ப்பவரே. தனியார் எவரும் கம்பியிழுக்க முன்வராத ஊர்களுக்குப் பி.எஸ்.என்.எல். சென்றதும் உண்மை; தனியார் போட்டி வந்தபின்னரே விலை இறங்கிற்று என்பதும் உண்மை. ஒன்றை நீக்கி மற்றொன்றைப் போற்றுதல் ஆராய்ச்சியாகாது.

மூன்றாவது தடையே வன்மையுடையது. நகரத்தார்க்கு நான்கு நிறுவனமுண்டு. வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரார்க்கு ஒன்றே உண்டு, அல்லது ஒன்றுமில்லை. ஒப்புநோக்கு என்னும் பேச்சே அவர்க்கு நகையன்றோ எனின், அது மெய்யே. அவர்க்கு வேண்டுவது தெரிவன்று, வழி. 2011-ஆம் ஆண்டு நடுவணரசு இசைவளித்து, 2015-இற் பாரத்நெட் எனப் பெயர் மாற்றப்பெற்ற திட்டம் ஊராட்சிதோறும் ஒளியிழை கொண்டுசெல்லுதற்கே எழுந்தது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனமாகிய டான்பிநெட்டின் கையில் உளது. ஊராட்சி அலுவலகம் வரை இழை வருதலோடு வேலை முடிந்ததாகாது. அங்கிருந்து வீட்டுக்கு யார் கொண்டுசெல்வர், அறுந்தால் யார் ஒட்டுவர் என்பதற்கு விடை காணுங்காறும் அவ்விழை ஊர்ப் பெயர்ப்பலகை போல்வதேயாம்.

செயற்பாலன

முதலாவதாக, இணைப்பு வாங்குமுன் விளம்பரத்தை நோக்காது அத்தெருவில் அந்நிறுவனத்தின் இணைப்புடைய மூன்று வீட்டாரை வினவுக. சென்ற ஐப்பசியில் எத்தனை முறை அறுந்தது, எத்தனை நாளில் மீண்டது, இரவு ஒன்பது மணிக்கு எங்ஙனம் உளது என்னும் மூன்று வினாக்களே போதும். ஓராண்டுப் பணத்தை ஒருங்கே கட்டற்க. முதலில் ஒரு திங்கள் கட்டித் துணிக.

இரண்டாவதாக, ஓர் ஏடு வைத்து எழுதுக. நாளும் காலையில் ஒருமுறையும் இரவு ஒன்பதுக்கு ஒருமுறையும் வரும் விரைவையும் அனுப்பும் விரைவையும் அளந்து குறிக்க. அளக்குங்கால் மோடத்தின் அருகிருந்தோ, இயலுமேற் கம்பியால் இணைத்தோ அளத்தல் வேண்டும். இரண்டு சுவருக்கு அப்பாலிருந்து அளந்து நிறுவனத்தை இகழ்தல் நேர்மையன்று. அறுந்த நேரமும் மீண்ட நேரமும் முறையீட்டு எண்ணும் தவறாது குறிக்க. அவ்வேடே நமக்கு வேண்டிய குத்தூசி.

மூன்றாவதாக, உரிமையைக் கேட்க. 2006-ஆம் ஆண்டு விதிகளே பழுது மூன்று வேலை நாள் கடந்து நீடித்தால் வாடகையிற் கழிவு தரல் வேண்டும் என்றன. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளும் மூன்று நாளுக்குமேல் நீடிக்கும் பழுதுக்குக் கழிவை வலியுறுத்துகின்றன; பணம் கட்டிய ஏழு நாளுக்குள் இணைப்புத் தருதல் வேண்டும் என்றும் விதிக்கின்றன. முறையீட்டு மையம் செவிசாயாவிடின் அந்நிறுவனத்துள்ளேயே மேன்முறையீட்டு அதிகாரி உளர். கேட்போர் இன்மையால் இவ்வுரிமைகள் தாளிலேயே கிடக்கின்றன.

நான்காவதாக, நம் கல்லூரியாற் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நம் மாணவர் சாத்தூர், அருப்புக்கோட்டை, திருவில்லிபுத்தூர், இராசபாளையம், தாயில்பட்டி, மாரனேரி எனப் பல ஊர்களினின்றும் வருகின்றனர். அவர் ஒவ்வொருவரும் ஐப்பசி தொடங்கி மூன்று திங்கள் தம் வீட்டேட்டை எழுதிவந்து நூலகத்தில் ஒப்படைப்பின், எந்த நிறுவனத்தாரிடமும் இல்லாத, ஆணையத்தாரும் வெளியிடாத ஊர்வாரிக் கணக்கு நம் கையில் இருக்கும். இயற்பியல் மாணவர் அளக்கும் முறையைக் கற்பிக்கலாம். பொருளியல் மாணவர் தொகுக்கலாம். தமிழ் மாணவராகிய யாம் அதனை எளிய நடையில் எழுதி ஊராட்சிப் பலகையில் ஒட்டலாம். முன்னாள் மாணவருள் வணிகராயும் அலுவலராயும் விளங்குவோர், ஊர்வாரியாகக் கணக்கு வெளியிடுமாறு ஆணையத்துக்கு எழுதுதற்கு அதுவே சான்றாகும்.

நூறு பெரிதோ முந்நூறு பெரிதோ என்னும் விடுதி வழக்கை இனியேனும் நிறுத்துவோமாக. வரும் ஐப்பசி முதல் நாள் ஏட்டைத் திறந்து, தத்தம் ஊரும் தெருவும் முதல் வரியில் எழுதித் தொடங்குவோமாக.